ஒருவரையும் தெரியாத ஊரில் இரண்டு நாள்

என் பவா மச்சாளுக்கு,

காலையில் முதல் தேத்தண்ணீர் குடித்து முடிக்காமல் நீங்கள் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டீர்கள். போன இடத்திலும் அந்தப் பழக்கம் மாறியிராது. ஆகவே ஆறுதலாகக் குடியுங்கள், பிறகு இதை வாசியுங்கள். எனக்கு அவசரமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். மண்டபம் பிடித்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று. வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு அண்ணை ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார். முன்பக்கத்தில் உங்கள் படம். உங்கள் மகள் மதுராவின் கலியாணத்தில் அந்த நீலச் சேலையோடு எடுத்தது. உங்களுக்கு அந்தப் படம் பிடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் மனுசன், என் அண்ணை, கேட்கிற ஆளா?

மலரில் மற்றவர்கள் எல்லாரும் உங்களை அன்பின் சிகரம் என்றும் பண்பின் உறைவிடம் என்றும் எழுதித் தந்திருக்கிறார்கள். பொய்யில்லைத்தான். ஆனால் வாசிக்கும்போது வேறு யாரோ செத்துப்போனதுபோல இருக்கிறது. எனக்கு அப்படி எழுத வராது மச்சாள். நான் நம்முடைய பயணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அண்ணை என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். உங்களைக் கேட்டுச் சொல்வதாக அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஊரின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். தாய்லாந்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவில், ஓர் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன நகரம். வாசிக்கிற மற்றவர்களுக்கு இவ்வளவு போதும். பெயரை எழுதினால், மண்டபத்தில் பாயசம் குடித்து முடிப்பதற்குள் யாராவது என்னிடம் வந்து, "அங்கை எங்கட சித்தப்பான்ர மருமேன் ஒருத்தர் இருக்கிறார், ஒரு சொல்லுச் சொல்லிவிடட்டோ?" என்று கேட்பார்கள். அப்படி ஒருவரும் இல்லாத ஊர் என்றுதானே நாம் அதைத் தேடிப் பிடித்தோம்.

இத்தனை வருடத்தில் நீங்களும் நானும் எத்தனை நாட்டுக்குப் போயிருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். லண்டனுக்குச் சாமத்திய வீட்டுக்குப் போனோம். ரொறன்ரோவுக்குக் கலியாணத்துக்குப் போனோம். ஜெர்மனிக்குச் செத்தவீட்டுக்குப் போனோம். எந்த நாட்டிலும் நாம் ஒரு ஹொட்டேலில் தங்கியதில்லை. யாரோ ஒருவரின் வீட்டு முன்னறையில் மெத்தை போட்டு, உங்கள் பக்கம் நீங்கள், என் பக்கம் நான். காலையில் கண் விழித்ததும் நீங்கள் நேராகக் குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்குவீர்கள். விருந்துக்குப் போனவள் வேலைக்காரி மாதிரி நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சல் வரும். பிறகு நானும் பக்கத்தில் வந்து நின்று தேங்காய் துருவுவேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போகவேண்டும். ஒரு வீட்டை விட்டால் போச்சு. "நோர்வேயிலை இருந்து வந்தவை, எங்கட வீட்டுப் படி மிதிக்கேல்லை" என்று கோபம் வந்துவிடும். அந்தக் கோபம் அடுத்த கலியாணம்வரைக்கும் இருக்கும். ஆகவே ஒரு மத்தியானத்துக்குள் மூன்று வீட்டில் சோறு. நீங்கள் கைப்பையில் வயிற்றுப் புளிப்புக்குக் குளிசை வைத்திருப்பீர்கள். இரண்டாவது வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில், காரின் பின்சீற்றில், ஒன்றை எனக்கும் ஒன்றை உங்களுக்கும் எடுப்பீர்கள்.

பாரிஸ் நினைவிருக்கிறதா? எத்தனையோ தடவை போயும் அந்த இரும்புக் கோபுரத்துக்குக் கிட்டப் போகவில்லை. ஒருமுறை பாலத்தால் கார் போகும்போது அது முழுதாகத் தெரிந்தது. "அந்தா," என்றீர்கள். அவ்வளவுதான். யாருடைய வீட்டிலோ சோறு ஆறுகிறது என்று கார் மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. நீங்கள் கழுத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

ஒருவரையும் தெரியாத ஊர் என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து முதன்முதலாக வந்தது, இங்கே நோர்வேயில், நம் பக்கத்து ட்வெய்ட்டா சென்ரர் கடைத்தொகுதியில். சனிக்கிழமை சாமான் வாங்கி முடித்து, வழமையான மூலையில், கோப்பியும் பொல்லே பணிசும் வைத்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பணிசைப் பிய்த்து அதற்குள் இருந்த முந்திரிகை வற்றலை எல்லாம் ஒதுக்கிக்கொண்டே சொன்னீர்கள்.

"மச்சாள், எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாத ஊர் எண்டு ஒண்டு உலகத்திலை இருக்குமோ?"

"ஏன், ஆரிட்டையாவது கடன்பட்டிட்டியளோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"இல்லை. ரெண்டு நாள் போய்ச் சும்மா இருக்கவேணும். ஆற்ற மகள், ஆற்ற மனிசி, எப்ப வந்தனீங்கள், ஏன் மெலிஞ்சு போனியள் எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விளங்கியது, இது இன்று நினைத்தது இல்லை என்று.

மெல்பேர்ணிலிருந்து என் தம்பி குடும்பமும் நாமும் பாதி வழியில் பாங்கொக்கில் சந்திப்பது என்று அப்போதே பேச்சு இருந்தது. அந்த ஒரு கிழமைக்குள் ஒரு வெள்ளி பின்னேரத்திலிருந்து ஞாயிறு வரைக்கும் நீங்களும் நானும் மட்டும் கழன்றுவிடுவது. அதுதான் நம்முடைய திட்டம். எந்த ஊருக்கு என்று தெரியாமல், உங்கள் முதியோர் இல்லத்தில் உங்களோடு வேலை செய்கிற நொய்யிடம் கேட்டீர்கள். அவள் தாய்லாந்துக்காரி, ஆனால் வேறு பக்கம். அந்த ஊருக்குத் தன் நோர்வேக்கார மனுசனோடு ஒருமுறை போய் வந்திருக்கிறாள். "அங்கேயா? அங்கே ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிவிட்டாளாம். கோயில் இருக்கிறது, ஆறு இருக்கிறது, வார இறுதியில் பின்னேரச் சந்தை இருக்கிறது, ஆட்கள் நேரத்தோடு படுத்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை இதை நீங்கள் என்னிடம் சொன்னபோது உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒன்றுமே இல்லை என்று ஒருத்தி சொன்னதற்கு இவ்வளவு சந்தோசமா என்று நினைத்தேன்.

தையில் போனால் விடியப்புறம் குளிரும், தடித்த ஜாக்கெட் கொண்டு போகவேண்டும் என்றும் நொய் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். வெளியே சறுக்குகிற பனியைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டு நின்ற மனுசன் நம்மை ஒருமாதிரிப் பார்த்தான்.

பிறகு சனிக்கிழமை சனிக்கிழமையாகச் சட்டம் போட்டீர்கள். மிளகாய்த்தூள் கொண்டுபோவதில்லை. சேலை கொண்டுபோவதில்லை. ரைஸ் குக்கர் அறவே இல்லை. பிள்ளைகள் எடுத்தால் தவிர ஃபோனுக்குப் பதில் இல்லை. போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதில்லை. ஹொட்டேலும் நீங்களே தெரிவுசெய்தீர்கள். ஆற்றைப் பார்த்த சின்ன மேல்வீடு, வெளியே இரண்டு பிரம்புக் கதிரை, உள்ளே இரண்டு தனிக்கட்டில். யாரும் கேட்டால் மச்சாள்மார் என்று சொல்லக்கூடாது என்பதுதான் நீங்கள் போட்ட கடைசிச் சட்டம்.

"ஏன், வெக்கமோ?" என்றேன்.

"மச்சாள் எண்டால், ஆற்ற தங்கச்சி, ஆற்ற பெண்சாதி எண்டு கேள்வி துவங்கும். ரெண்டு சிநேகிதியள் எண்டு சொல்லுவம். சிநேகிதிக்குப் பின்னாலை ஒரு கேள்வியும் வராது."

அதற்குப் பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதவேண்டியதில்லை, உங்களைவிட எனக்கு அதிகம் தெரியாது. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். கடைசிக்கு முதல் கிழமை, ஆஸ்பத்திரியில், மதுரா கீழே கோப்பி வாங்கப் போன நேரம், கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்: "அந்த அறை இன்னும் இருக்குதோ பாருங்கோ." நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. இருக்கிறது என்று சொன்னேன். "ம்," என்றீர்கள். பிறகு, "நீங்கள் போகவேணும், சொல்லிப்போட்டன்," என்றீர்கள். ஆறுதலுக்காக ஒன்றும் மாற்றிச் சொல்லவில்லை மச்சாள், அறை உண்மையாகவே இருந்தது. நீங்கள் இல்லாமல் அங்கே போய் நான் என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மதுரா வந்துவிட்டாள்.

ஒரு வருடமாக நாங்கள் ஒரு இடமும் போகவில்லை. துடக்கு வீடு, கொண்டாட்டம் கூடாது, கோயில் திருவிழாவும் இல்லை. பாங்கொக் பயணத்தைத் தம்பி தள்ளிப்போட்டான். இப்போது திவசம் முடிய, நத்தார், புதுவருட விடுமுறையோடு சேர்த்து எல்லாரும் போவதென்று முடிவாகியிருக்கிறது. ஆவணியில் நான் அந்த அறையைப் பதிவு செய்தேன். அதே அறை, அதே இரண்டு கட்டில். ஒரு கட்டில் உள்ள அறையைக் காட்டியபோது விரல் அதை அழுத்தவில்லை.

விசயம் வெளியே வந்தவுடன் ஆளுக்காள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். என் மனுசன் தானும் வருகிறேன் என்றார். இவர் வந்தால் ரைஸ் குக்கர் வரும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே வேண்டாம் என்றேன். மதுரா, "மாமி, ஹெல்கெதூர் எண்டால் ரிலாக்ஸ் பண்ணத்தானே, நான் வாறன், அம்மாவுக்குப் பதிலா," என்றாள். வார இறுதிப் பயணத்துக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் நோர்வேஜிய மொழியில்தான் பெயர் சொல்வார்கள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் "பதிலா" என்ற சொல் எனக்கு நெஞ்சில் பட்டுவிட்டது. அவளுக்கும் பட்டிருக்கவேண்டும், பிறகு அவள் அதைக் கேட்கவில்லை.

உங்கள் மருமகன் கார்த்திக் மட்டும் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை. லில்லெஸ்ட்ரோமில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது கணினியைத் திறந்து வைத்து, அந்த இரண்டு நாளையும் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினான். "அத்தை, சனிக்கிழமை காலைல இந்த மலைக்கோயில், அங்கேயிருந்து முழு ஊரும் தெரியும். அப்புறம் மியூசியம். மதியம் இந்த நூடுல்ஸ் கடை. சாயங்காலம் மார்க்கெட், கோயில் முன்னாடி பாய் விரிச்சு உக்காந்து சாப்பிடலாம். ஒரு நிமிஷம் கூட வேஸ்ட் ஆகாது." அவன் கோயம்புத்தூர்ப் பிள்ளை. அவனுக்கு நான் மாமி இல்லை, அத்தை. பாவம், எவ்வளவு மினக்கெட்டுச் செய்திருக்கிறான். "தம்பி, எங்களுக்கு நிமிசம் வேஸ்ட் ஆகவேணும்," என்றேன். அவன் என்னைப் பார்த்தான், மதுராவைப் பார்த்தான், சிரித்துக்கொண்டு கணினியை மூடினான். நாங்கள் ஒரு மாதிரியான ஆட்கள் என்று அவனுக்கு எப்போதோ தெரியும்.

அந்தச் சந்தைக்கு முன்னால் இருக்கிற கோயிலில் ஒரு பழைய சுவர்ச் சித்திரம் இருக்கிறதாம். ஒருவன் ஒருத்தியின் காதில் ஏதோ இரகசியம் சொல்கிறான். கார்த்திக் படத்தைக் காட்டினான். அண்ணை எப்போதாவது உங்கள் காதில் அப்படிச் சொல்லியிருப்பாரா? அவர் இரகசியம் சொன்னாலே பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும்.

சரி, இனி அண்ணையைப் பற்றிச் சொல்கிறேன். கேட்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன்.

அண்ணை எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இதை வாசிக்கிற ஒருசிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் எந்த விமான நிலையத்தில், எந்த வரிசையில் நின்றாலும், முன்னால் நிற்கிற தமிழ் முகத்திடம் எந்த இடம் என்று கேட்பார், பிறகு ஆற்ற பிள்ளை என்று கேட்பார். விமானம் ஏறுவதற்குள் அந்த ஆள் நமக்கு மச்சான் முறையாகிவிடுவார். இறங்குவதற்குள் அவர் வீட்டில் சாப்பாடு. பக்கத்தில் நீங்கள் கைப்பைக்குள் அந்தக் குளிசையைத் தேடுவீர்கள்.

நீங்கள் போனபிறகு அவர் அதை விட்டுவிட்டார் மச்சாள். ரொம்சோஸில், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கடைக்குப் போனால் தமிழ் முகத்தைக் கண்டு மற்ற வரிசைக்குப் போகிறார். நானே கண்டேன். யாரும் எடுத்தால் ஃபோனை எடுக்கிறதில்லை. ஞாயிறு தோறும் சாப்பாடு கொண்டுபோனால், "வை" என்பார், "சாப்பிட்டன்" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஒரு வருடமாக என் அண்ணை ஒருவரையும் ஆற்ற மகன் என்று கேட்கவில்லை. இதைவிட அதிகமாக ஒருவர் எப்படி உடைவார்?

ஐப்பசியில் ஒரு நாள், பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பாங்கொக்கிலிருந்து இரண்டு நாள் ஒரு சின்ன ஊருக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். ஊரின் பெயரையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஏன் போகிறேன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனால் ஆள் சவரம் எடுத்து, இஸ்திரி போட்ட சேர்ட்டோடு கதவைத் திறக்கிறார். தேத்தண்ணீர் போட்டு வைத்திருக்கிறார். இருக்கவிடாமலே தொடங்கினார்.

"வசந்தி, ஆளைப் பிடிச்சிட்டன்."

"ஆரை?"

"நீ போற ஊரிலை எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். ரொறன்ரோ குணத்துக்கு ஃபோன் அடிச்சனான். அவன் அங்கை இஞ்சை விசாரிச்சு எடுத்துத் தந்திட்டான். வெளியிலை வர வெளிக்கிட்டுப் பாங்கொக்கிலை மாட்டுப்பட்டு நிண்டு, அங்கத்தைப் பிள்ளை ஒண்டைக் கட்டி, அந்த ஊரிலை சின்னச் சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறானாம். குணம் சொல்லிப்போட்டான், வரச் சொல்லு எண்டு பதிலும் வந்திட்டுது. நீ ஹொட்டேலைக் கான்சல் பண்ணு. மனிசி புட்டும் அவிப்பாவாம்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, எழுத முடியாது. உலகத்தில் தேடித் தேடி நாம் கண்டுபிடித்த ஒரு ஊர். அதற்குள்ளும் புட்டு வந்துவிட்டது.

ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன் மச்சாள். கண் இரண்டும் பழையபடி. கை இரண்டையும் தேய்த்துக்கொண்டு, நான் சந்தோசப்படுவேன் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வருடத்துக்குப் பிறகு என் அண்ணை திரும்பி வந்து நிற்கிறார், அதுவும் எனக்கு ஒரு நல்லது செய்துவிட்ட நினைப்போடு. இதை நான் எப்படி உடைப்பது? உடைக்காவிட்டால் உங்களுக்கு என்ன சொல்வது? கோப்பையைக் கீழே வைத்தேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் சிரித்துச் சமாளித்துவிட்டு, அந்தப் பெடியன் வீட்டுக்குப் போய் வெங்காயம் உரித்திருப்பீர்கள். அது எனக்குத் தெரிந்தபடியால்தான் நான் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ட்வெய்ட்டா, நொய், மிளகாய்த்தூள், இரண்டு கட்டில், ஆஸ்பத்திரி. அவர் நின்றபடியே கேட்டார். பிறகு இருந்தார்.

"எப்ப தொடங்கி?"

"வருத்தம் வர முந்தியே."

"எனக்கேன் அவ சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீங்கள் அங்கை ஆர் இருக்கினம் எண்டு தேடியிருப்பியள் அண்ணை."

அவர் மறுப்பார் என்று நினைத்தேன். "ஓம்," என்றார். "தேடியிருப்பன்."

வெளியே உங்கள் பல்கனிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார், "பாரிசிலை காரைத் திருப்பச் சொன்னது நான்தான். அவ ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நிப்பாட்டியிருப்பன் பிள்ளை. ரெண்டு நிமிசம் தானே."

அவர் அழுததை நீங்கள் போன நாளில்கூட நான் பார்க்கவில்லை. அன்று பார்த்தேன். நானும் அழுதேன். பிறகு தேத்தண்ணீர் ஆறிப்போனது என்று மறுபடி சுடவைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும். ஃபோனை எடுத்து, குணம் அனுப்பிய நம்பருக்கு அடித்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். என் அண்ணை, பிறந்த நாளிலிருந்து ஒரு சொந்தக்காரரின் அழைப்பைத் தட்டாத மனுசன், நேராகவே சொன்னார்.

"தம்பி, குறை நினைக்கவேண்டாம். என்ர மனிசி போனவருசம் தவறிப்போனா. ஒருத்தரையும் தெரியாத ஊரிலை ரெண்டு நாள் இருக்கவேணும் எண்டு அவவுக்கு ஆசை இருந்தது. அதுக்குத்தான் உங்கட ஊரைத் தெரிஞ்சவ. எனக்குத் தெரியாமல் போச்சு. அதாலை தங்கச்சி உங்களிட்டை வரமாட்டா."

தொடர்பு அறுந்துபோனதோ என்று அண்ணை ஃபோனைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது. நல்ல சிரிப்பு மச்சாள், உள்ளேயிருந்து வருகிற சிரிப்பு.

"அண்ணை, நானும் அதுக்குத்தான் இஞ்சை வந்தனான்."

அவர் சொன்னார், பாங்கொக்கில் இருந்த காலத்தில் கிழமைக்கு ஒருவராவது வந்து கதவைத் தட்டுவார்களாம். எந்த இடம், ஆற்ற மகன், ஏன் இன்னும் போகேல்லை, ஏன் இந்தப் பிள்ளையைக் கட்டினது. பதில் சொல்லிக் களைத்துப்போய் மனைவியின் ஊருக்கு வந்துவிட்டார். "இஞ்சை வந்த நாள் தொடங்கி என்னை ஒருத்தரும் ஆற்ற மகன் எண்டு கேட்டதில்லை அண்ணை. நூடுல்ஸ் நல்லா இருக்குதோ எண்டு மட்டும்தான் பாப்பினம். குணமண்ணை என்னை எப்பிடிப் பிடிச்சாரோ தெரியேல்லை. எங்கட ஆக்களை வரவேண்டாம் எண்டு சொல்ல வாய் வரேல்லை, அதுதான் வரச் சொல்லி எழுதினனான்."

இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். பிறகு அந்தத் தம்பி சொன்னார், "அக்காவை ரோட்டிலை கண்டாலும் தெரியாத மாதிரிப் போறன். அவவும் அப்பிடியே போகட்டும்."

"நல்லது தம்பி. மெத்தப் பெரிய உபகாரம்," என்றார் அண்ணை. வைக்கப்போன மனுசன் வைக்கவில்லை. "அது சரி தம்பி, உங்கட அம்மா பக்கம் —" என்று தொடங்கினார். நான் அவரைப் பார்த்தேன். "இல்லை, ஒண்டுமில்லை. வைக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

இதை எழுதலாமா என்று அந்தத் தம்பியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊரையும் பேரையும் போடாவிட்டால் பரவாயில்லை என்றார். குணத்தாரை வாய் திறக்கவேண்டாம் என்று அண்ணை கெஞ்சி வைத்திருக்கிறார். எத்தனை நாளைக்கோ?

நான் வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போடும்போது அண்ணை கதவடியில் வந்து நின்றார். சின்ன வயதில் பந்து விளையாட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும்போது நிற்கிற அதே நிலை.

"வசந்தி, நானும் வரட்டோ? வேறை அறை எடுக்கிறன். ஒருத்தரையும் விசாரிக்கமாட்டன்."

இது உங்கள் பயணம். நீங்கள் போட்ட சட்டத்தில் இரண்டு பேர்தான். அதோடு, சொன்னால் குறை நினைக்காதீர்கள், நீங்கள் ஓடிப்போய் இரண்டு நாள் ஒளிக்க நினைத்ததில் அண்ணையிடமிருந்தும் கொஞ்சம் ஒளிக்க நினைத்தீர்கள்தானே? அவரையே அங்கே கூட்டிக்கொண்டு போவது சரியா?

"மச்சாளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்," என்றேன். வாயில் வந்துவிட்டது. இருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

"ஓம். கேட்டுச் சொல்லு," என்றார்.

கேட்டுவிட்டேன் மச்சாள். இத்தனை நாளும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் வேலை செய்கிற பாலர் பள்ளியில் குழந்தைகள் தள்ளுவண்டில்களில் நித்திரை கொள்கிற நேரம், அந்த வண்டில்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். நீங்கள் பதில் சொல்கிற மாதிரியும் இருந்தது, தேத்தண்ணீர் குடித்து முடியட்டும் என்று சொல்கிற மாதிரியும் இருந்தது. ஆனால் அந்தப் பின்கண்ணாடியால் நீங்கள் பார்த்துக்கொண்டு வந்தது திரும்பத் திரும்ப வருகிறது. அப்போது நீங்கள் கோபுரத்தை மட்டுமா பார்த்தீர்கள்? அது மறைந்தபிறகு முன்சீற்றில் இருந்த அவரையும் ஒருமுறை பார்த்தீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன், கண்டேன். இவரும் ஒருநாள் காரை நிற்பாட்டச் சொல்வார் என்று பார்க்கிற பார்வை அது.

அவர் இப்போது நிற்பாட்டச் சொல்கிறார். ஆகவே வரட்டும்.

அச்சுக்குக் கொடுக்க முதல் அண்ணை இதை வாசிப்பார். அண்ணை, இதுதான் மச்சாளின் பதில். மிளகாய்த்தூள் இல்லை. வேறு அறை. மேல்வீட்டில் ஆற்றுப்பக்கத்து இரண்டு கதிரையில் ஒன்றில் விடியற்காலையில் நீங்கள் வந்து இருக்கலாம், நான் ஒன்றும் கேட்கமாட்டேன், சாப்பிட்டீர்களா என்றுகூட. தடித்த ஜாக்கெட் ஒன்று கொண்டுவாருங்கள், நொய் சொன்னது உண்மையாக இருந்தாலும் இருக்கும்.

உங்களுக்கு நான் தருகிற வாக்கு இதுதான் மச்சாள். சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கோயிலுக்கு முன்னால் பாய் விரித்து இருக்கும்போது, யாராவது வந்து இவர் யார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்வேன். அண்ணையும் என்னைத் தெரியாது என்று சொல்வார், அதற்கு அவர் பழகவேண்டும், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. சந்தையில் நம்முடைய முகச்சாயலில் ஒருவர் சட்டியில் நூடுல்ஸ் கிளறிக்கொண்டு நின்றால், வாங்கிச் சாப்பிட்டு, நல்லா இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டு வருவோம். படம் எடுக்கமாட்டேன். வந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லமாட்டேன், உங்களுக்கு மட்டும் சொல்வேன்.

இரண்டாவது கட்டிலை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். என் பையைக்கூட அதில் வைக்கமாட்டேன். இரண்டு தேத்தண்ணீர் சொல்லுவேன், உங்கள் பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டு, நீங்கள் குடித்து முடிக்கும்வரைக்கும் வாய் திறக்காமல் இருப்பேன்.

இங்கே மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் உங்கள் மச்சாள்,
அங்கே அந்த இரண்டு நாளும் வெறும் சிநேகிதி,
வசந்தி